பரீட்சைக்கு வராத பாடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருக்கையில் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் எதையாவது தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ முடித்துவிடுகிறாய். எனக்கும் அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. எழுத உட்கார்ந்தால் ஓரளவு வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் திரையில் வந்து, "தாத்தா, எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிகள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றான். ஆறு என்றேன். அம்மாவும் இதைத்தான் தினமும் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ வந்து அவன் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாய். வாங்கியதும் அங்கே விடாமல் பெய்கிற மழையைப் பற்றிச் சொன்னாய். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன்.

அது என்ன பரீட்சை என்பது எனக்குத் தெரியும், அம்மா. பிரிட்டிஷ் குடியுரிமை கேட்பவர்கள் எழுதுவது. 45 நிமிடம், 24 கேள்விகள், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. முப்பத்தொரு வருடம் வரலாற்று வினாத்தாள் தயாரித்தவனுக்கு இதைத் தெரிந்துகொள்வது பெரிய காரியம் இல்லை. நீ என்ன முடிவெடுத்திருக்கிறாய், எப்போது எடுத்தாய் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. அது நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து யோசித்துச் செய்கிற காரியம். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்குகிறவரைப் பற்றி 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அதைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம். நான் எழுத வந்தது வரலாற்றைப் பற்றி மட்டும்தான்.

நீ அதில் தேறிவிடுவாய், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறாம் வகுப்பு விடுமுறையில் உன்னை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால், காதில் கடுக்கன் போடக் கூடாது, நெற்றியில் குறியிடக் கூடாது, புதுத் தலைப்பாகையை அணிந்தே தீர வேண்டும் என்ற உத்தரவுகளைப் பொறுக்க மாட்டாமல் சிப்பாய்கள் எழுந்த கதையை அகழி ஓரத்தில் நின்று சொன்னேன். நீ விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் 1857ஐ ஏன் முதல் புரட்சி என்கிறார்கள்? இது 51 வருடம் முந்தியதாயிற்றே" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன் அம்மாவிடம் மூன்று நாள் சொல்லித் தீர்த்தேன். அதே நீதான் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய மறுமாதம், என் கண்ணெதிரே அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாய். "இனிமேல் இது தேவைப்படாதுப்பா" என்றாய். அந்த வார்த்தை இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பதைத்தான் இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் மக்களுக்குத் தங்கள் நாட்டு வரலாறு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், பெருமைப்பட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தெரியும் என்பேன். ராஜராஜன் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ள நான்கு சாதிக்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவன் கட்டிய தஞ்சைக் கோயிலின் சுவரில், கோயிலில் ஆடிப் பாட அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதும், ஒவ்வொருத்தியும் எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை அதில் எழுதியிருப்பதும், அந்த நால்வரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். உத்திரமேரூரில் குடவோலை முறையில் தேர்தல் நடந்ததைப் பள்ளியில் படித்த எல்லோரும் சொல்வார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது என்று பராந்தகன் காலத்துக் கல்வெட்டு விதித்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. மன்னர் பெயரும் ஆண்டும் மனதில் நிற்கின்றன. மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை எதிர்த்தார்கள், எதற்கு அடங்கிப் போனார்கள் என்பது நிற்பதில்லை. கேள்வித்தாளில் எது வருகிறதோ அதுவே வரலாறு என்றாகிவிட்டது. நீயும் அப்படி நினைத்துவிடாதே, அம்மா. உன் பரீட்சைப் புத்தகத்தை நன்றாகப் படி, பதினெட்டு என்ன, இருபத்துநாலும் வாங்கு. ஆனால் பரீட்சைக்குப் படிப்பதுதான் வரலாறு என்று நினைத்துவிடாதே.

ஒன்று கேட்கிறேன். 1877 அந்தப் புத்தகத்தில் வருகிறதா, பார்த்துச் சொல். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே நாளில் சென்னை மாகாணம் பஞ்சத்தில் கிடந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார்கள். அந்த வயிற்றோடு மண் சுமந்தவர்கள் வெட்டியதுதான் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து என் அப்பாவின் தாத்தா, ஏழு வயதுப் பிள்ளையாக, தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பின்னால் தன் அப்பனோடும் ஆத்தாளோடும் புறப்பட்டது அந்த வருடம்தான். கடல் தாண்டி இலங்கையின் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையிலிருந்த காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். ஆத்தாள் வந்து சேரவில்லை. அவளை எந்த இடத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை.

என் அம்மா, உன் அப்பாயி, சிலோனில் இருந்து வந்தவர் என்பது உனக்குத் தெரியும். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை உனக்குத் தெரியும். அதற்கு மேல் உனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்தது உன் குற்றமில்லை.

காப்பிச் செடியை நோய் தின்ற பிறகு அதே மலையில் தேயிலை வந்தது. என் தாத்தாவும் அப்பாவும் அங்கேயே பிறந்து, அங்கேயே லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். 1947 தேர்தலில் தோட்டத்துச் சனம் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரசுக்காரர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு, 1948இல், புதுக் குடியுரிமைச் சட்டம் வந்து தந்தை வழியில் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்டச் சொன்னது. தாத்தா பிறந்ததற்குக் காகிதம் இல்லை. ஏழு லட்சம் பேர் நாடில்லாதவர்களானார்கள். அதற்கடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். அந்த மக்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சுவரில் நானூறு பெண்களின் வீட்டு இலக்கம் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்தில் என் அம்மா ஐந்தேகால் லட்சத்தில் ஒன்று.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டைக்காகக் கண்டிக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவர் கட்டைவிரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. கறை ஏறிக் கறுத்து, நுனி வெடித்திருந்த விரல் அது. எழுத்தர் மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை, என் அம்மாவின் கையை மணிக்கட்டோடு பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு ரேகையே இல்லையே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அம்மா அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். அதன் பிறகு எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் முதலில் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். இங்கே ரேஷன் கடையில் துடைத்ததை நீயும் பார்த்திருக்கிறாய். ஏன் என்று கேட்டாய். ஈரம் என்று சொன்னேன்.

1973இல், எனக்குப் பதினோரு வயதில், அட்டனில் கோச்சி, அதாவது ரயில், ஏறினோம். அழுகைக் கோச்சி என்று அதற்குப் பெயர். ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, துறையூருக்குப் போய்ச் சொந்தம் தேடினால், எங்கள் பெயரைச் சொன்னால் அறிந்தவர் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரன் என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். நான் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். கோச்சி என்று சொல்வதை விட்டேன். ஒரு வருடத்தில் என் வாயிலிருந்து மலைநாட்டுச் சொல் ஒன்றுகூட வராதபடி பார்த்துக்கொண்டேன். கல்லூரியில், வேலையில், உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில், எல்லா இடத்திலும் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம் என்றே சொன்னேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது. கேள். நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். தாயகம் திரும்பியோர் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளை. "சார், எங்க தாத்தா சிலோன்லேர்ந்து கப்பல்ல வந்தாராம். அது எந்தப் பாடத்துல சார் வருது?" என்று கேட்டான். வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்கவில்லை.

நீ புத்தகத்தை எடைக்குப் போட்டபோது நான் வருத்தப்பட்டேனே, மகளே, நான் போட்டது அதைவிடப் பெரியது. முப்பத்தொரு வருடம் பிளாசிப் போர் எந்த ஆண்டு என்று பிள்ளைகளை எழுப்பி எழுப்பிக் கேட்டவன், என் தாயின் பெயரை வரலாறு என்று சொல்ல வெட்கப்பட்டேன். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து உனக்கு அந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்த போதெல்லாம், "படிக்கிற பிள்ளையிடம் எதற்கும்மா பழங்கதை" என்று நிறுத்தியவன் நான்தான். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவர் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே நீ என்ன செய்யப் போகிறாய் என்பதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவும் தகுதியில்லை. நம் வீட்டில் ஒரு தலைமுறை குடியுரிமைக்காகக் காகிதம் இல்லாமல் நின்றது, ஒரு தலைமுறை கேட்காமலே கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்தது. நீ படித்து, எழுதி, உன் விருப்பத்தால் ஒன்றைப் பெறப் போகிறாய் என்றால், அதில் எனக்குப் பெருமையும் இருக்கிறது. மற்றதும் இருக்கிறது. அதை எழுத வேண்டாம். தொடக்கத்திலேயே வேண்டாம் என்று சொன்னேன்.

தகரப் பெட்டியை நேற்று உன் அம்மா பிடித்துக்கொள்ள நான் ஏறி இறக்கினேன். குடும்ப அட்டை இருக்கிறது. ஓரம் பொடிந்திருக்கிறது, ஆனால் படம் தெரிகிறது. அப்பாயி நடுவில், நான் வலப்பக்கம் அரைக்கால் சட்டையோடு நிற்கிறேன். பேரனின் நெற்றி அப்படியே என் நெற்றி. நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அசலை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. நீ வரும்போது எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நினைவிருப்பதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன், இதுவரை பதினான்கு பக்கம். பேரனுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் நீ படித்துக் காட்டு. ஹென்றியின் மனைவிகளோடு இதையும் அவன் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். நீ சொல்லாவிட்டால் அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. நேரமில்லை என்று தள்ளிப்போடாதே. நான் அப்படித்தான் தள்ளிப்போட்டேன்.

ராத்திரி வெகுநேரம் கண்விழித்துப் படிக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பரீட்சை என்றைக்கு என்று மட்டும் ஒரு வரி எழுது. உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா