வலை இழுப்பது கால்பந்துப் பயிற்சி ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் கடற்கரைக் கால்பந்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என ஊர்ப்பெயர்கள் பிழையின்றி அச்சாகியிருந்ததற்கு நன்றி. ஆனால், ‘வலை இழுத்து வைரம் பாய்ந்த இந்த உடம்புகளுக்கு ஜிம் எதற்கு?’ என்று ஒரு வரி அதில் இருந்தது. பாராட்டாகத்தான் எழுதியிருப்பீர்கள். அதே பாராட்டை நம்பித் தொடையைக் கிழித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

என் அப்பாவோடு, கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையை இழுத்து வளர்ந்தவன் நான். 19 வயதில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் இறுதிப் போட்டியில் இடது ஓரமாகப் பந்தை விரட்டி ஓடியபோது, வலது தொடையின் பின்புறம் யாரோ கல்லால் எறிந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. ‘கடல்கார உடம்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்றார் அன்றைய பயிற்சியாளர். மூன்றாவது வாரம் மறுபடி ஓடினேன், அதே இடம் மறுபடி கிழிந்தது. பல்கலைக்கழக அணித் தேர்வு அத்தோடு போயிற்று.

வலை இழுப்பதில் முதுகும் தோளும் கையும் உரமேறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்தக் காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அந்த நொடியில்தான் அது கிழிகிறது. நீளும்போதே விசையைத் தாங்கும் பழக்கத்தை எந்தக் கயிறும் அதற்குக் கற்றுக்கொடுப்பதில்லை. அதேபோல், ‘பளு தூக்கினால் கால் கனத்துப்போகும், வளர்த்தி நின்றுவிடும்’ என்று, நான் பயிற்சி தரும் பிள்ளைகளின் பெற்றோர் இன்றும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். சரியான முறையில், தெரிந்தவர் மேற்பார்வையில் செய்தால் வளர்த்தி நிற்காது. தோளில் பளுவோடு உட்கார்ந்தெழும் கால், தரையை வலுவாக உதைத்து முதல் பத்து அடியை வேகமாகக் கடக்கும். பெயிண்ட் டின்னில் சிமென்ட் ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் நட்டு நாங்களே செய்த பளுவைத்தான் என் பிள்ளைகள் தூக்குகிறார்கள்.

காயங்களைத் தடுக்க ஃபிஃபா வகுத்த ‘11+’ பயிற்சி முறை தாங்கள் அறியாததல்ல: 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் ஆட்டக்காரர்களிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதில் ஒரு வரியாவது அந்த முழுப் பக்கக் கட்டுரையில் வந்திருக்கலாம். இரவிபுத்தன்துறையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் வரை போன மைக்கேல் சூசைராஜ், மருத்துவக் குழு உடனிருந்தும், 2020 நவம்பரில் முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தையே இழந்தார். எந்தத் துணையும் இல்லாத எங்கள் பிள்ளைகளின் முழங்காலைக் கடற்காற்றா காப்பாற்றும்?

இது இன்று நேற்று வந்த மனக்குறை அல்ல. கிறிஸ்துமஸ் காலத்துப் போட்டிகளின் செய்தியில் கோப்பை வழங்கியவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அடிபட்டு விழுந்து, மற்றவர்கள் தோளில் தூக்கி வெளியே கொண்டுபோன பையனைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. 2017இல் ஓகி புயல் வந்தபோதும், ‘கடல் இவர்களுக்குத் தாய்’ என்று எழுதினார்கள். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததை அதன் பிறகுதான் பேசினார்கள். இயற்கையிலேயே வலிமையானவர்கள் என்று எங்களைச் சொல்லிவிட்டால், பிறகு எதுவும் செய்து தரத் தேவையில்லை என்றாகிவிடுகிறது.

தங்களிடம் நான் கேட்பது கால் பத்தி இடம்தான். ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மடித்த சாக்கின்மேல் மண்டியிட்டு, இடுப்பு வளையாமல் மெல்ல முன்னே சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் உள்ளங்கையை மணலில் ஊன்றும் பின்தொடைப் பயிற்சியை, முதலில் 3 முதல் 5 முறை போதும் என்ற குறிப்போடு, படமாகப் போடுங்கள். செவ்வாய், வெள்ளி மாலை 5.30 மணிக்குப் பிள்ளைகள் கோயில் மைதானத்தில் இருப்பார்கள். புகைப்படக்காரரை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.