ஆகாயத்தாமரையை அள்ளினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவைக் குளங்களில் பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரை அள்ளும் படம் அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. சில மாதத்தில் குளம் மறுபடி பச்சையாக மூடிக்கொள்கிறது. தண்ணீர் வந்து போகிற விதம் கெட்டுப்போனதுதான் இதற்குக் காரணம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

நொய்யல் ஆற்றை நம்பிய இந்தக் குளங்கள் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளவே வெட்டியவை. வெள்ளியங்கிரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆற்றில் தண்ணீர் வரும், அணைக்கட்டில் திரும்பி ராஜவாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகும், ஐப்பசி மழையில் இன்னொரு தடவை நிரம்பும், அப்புறம் மாசி பங்குனியில் மெல்ல இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் செடிகள் இடம் பிடித்தன. ஆழத்தில் வேலம்பாசி, அதற்கு இந்தப் பக்கம் தாமரையும் அல்லியும், முழங்கால் தண்ணீரில் சம்பு, கோரை, தண்ணீர் இறங்கிய சேற்றில் பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி. ஓரச் செடிகள் பலவற்றின் விதை தண்ணீருக்கடியில் முளைக்காது. சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, மட்டம் இறங்கி வெயிலும் காற்றும் பட்ட பிறகே முளைவிடும்.

இப்போது பல குளங்களில் சாக்கடை கலந்த தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கிறது. வற்றுவதும் இல்லை, வெள்ளம் வந்து அலசிவிடுவதும் இல்லை. சத்து ஏறிய அந்தத் தேங்கிய தண்ணீரில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும், அள்ளும்போது விட்டுப்போன நாலு துண்டே அதற்குப் போதும். மேலே மூடியதும் வெளிச்சமில்லாமல் வேலம்பாசி அழுகுகிறது, மீன் செத்து மிதக்கிறது. ஓரத்திலோ சம்பு கிழங்குவிட்டுப் பரவி மற்ற செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. சம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை, நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டுவது அதற்குள்தான். ஆனால் அது மட்டுமே இருந்தால் குளம் பாழ்.

இதில் அழகுபடுத்துகிறோம் என்று கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதிப்பது எனக்கு ரொம்ப வேதனை. சரிவே இல்லாத கரையில் சேற்றுச் செடி எங்கே முளைக்கும்?

திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது பெரிய சந்தோஷம். அங்கும் நல்லாற்றுத் தண்ணீர் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்பது இதுதான்: வைகாசிக்குள் ராஜவாய்க்காலைத் தூர்வாருங்கள், மதகைப் பழுது பாருங்கள், சாக்கடையைக் குளத்துக்கு வராமல் திருப்புங்கள், ஒவ்வொரு குளத்திலும் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக மண்ணாகவே விட்டுவையுங்கள். பொக்லைனை அதற்குப் பிறகு கொண்டுவரலாம்.

– ஒரு வாசகர், சூலூர்