டெங்கு காலத்தில் மலைக்கிராமங்களுக்குத் தினசரித் தொலைமருத்துவக் கண்காணிப்பு கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுயஉதவிக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
ஜவ்வாது மலை, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: டெங்கு நோயாளிகளை, காய்ச்சல் விட்ட பிறகும் போன் வழியாக டாக்டர் கண்காணிக்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் எங்கள் ஊர்களில் காய்ச்சலும் வந்துவிடுகிறது. கொசு மருந்து அடிக்கவும் தொட்டிகளைக் கழுவவும் ஆட்கள் வருகிறார்கள், அதற்கு நன்றி. காய்ச்சல் கண்டவர்களைப் பற்றியே இந்த மனு.

டெங்குவில் உயிருக்கு ஆபத்தான நேரம், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த ஓட்டம் குறைகிறது. வீட்டிலோ, உடம்பு சுடவில்லை என்றதும் பிள்ளை தேறிவிட்டதாக நம்பிப் பெற்றோர் காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று தெரியவரும்போது மலையிறங்க வண்டி தேட வேண்டியிருக்கிறது.

கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் தொடங்கிய, வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை நல்ல சேவை. ஆனால் வீடியோவுக்கு சிக்னல் கிடைக்காத ஊர்களுக்கு அது எட்டவில்லை. அதே ஆண்டு மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் சாதாரண போன் பேச்சையும் ஏற்கின்றன. சுகாதாரப் பணியாளர் நோயாளியின் பக்கத்தில் இருந்துகொண்டு டாக்டரிடம் பேசவும் அவற்றில் இடமுண்டு. எங்களுக்குப் பொருந்தும் வழி இதுதான்.

அதற்கான ஆளும் கருவியும் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் அக்கா பி.பி. மெஷினோடு வீட்டுக்கே வருகிறார். டெங்குக் குழந்தைக்கு அது 100/80 என்று காட்டினால் எங்கள் கண்ணுக்கு நல்ல பி.பி.யாகத் தெரியும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே சுருங்குவது ரத்த ஓட்டம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் ஷாக் நிலை வரப்போவதன் அடையாளம் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். அந்த எண்ணைக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு டாக்டர் லைனில் இருந்தால் போதும். பெரியவர்களுக்கான கைப்பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் அளவு தவறும் என்பதால், குழந்தைகளுக்கான பட்டையும் தர வேண்டுகிறோம்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை, டெங்கு சந்தேகம் உள்ள ஒவ்வொருவருக்கும், காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகும்வரை தினமும் மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து போன் வர வேண்டும். பகலில் அழைத்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். போனே எட்டாத ஊர்களுக்காகத் துணை சுகாதார நிலையத்தில் இணைய இணைப்பும் இன்வெர்ட்டரும் வேண்டும், ஏனென்றால் மழை பிடித்தால் கரண்ட் இருக்காது. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம். கடையில் கேட்டு வாங்கும் வேறு சில வலி மாத்திரைகளால் ரத்தக்கசிவு கூடும் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

போனில் ரத்தப் பரிசோதனை செய்ய முடியாது என்பதை அறிவோம். ஆபத்து அறிகுறி தெரிந்தால் பேசிக்கொண்டிருக்கும் டாக்டரே 108-ஐ அழைத்து, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மழைக்கு முன்பே இதற்கான உத்தரவைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் சுயஉதவிக் குழுவினர், ஊர்ப் பொதுமக்கள்