கண்ணகியை முகம் இல்லாமல் வரையவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் இலக்கியப் பாடத்தை மனனம் செய்து எழுதிவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். மட்டக்களப்பு படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்குத் தமிழ் படிப்பிக்கும் எனக்கு அது நாளாந்தம் காணும் சங்கதி. கண்ணகியின் பண்புகளை விளக்கச் சொன்னால் கற்பு, பொறுமை, துணிவு என்று எல்லாக் கொப்பியிலும் ஒரே வரிசையில்தான் வரும். எழுதிய பிள்ளைக்குக் கண்ணகி யாரென்று தெரியுமா என்றால், சந்தேகம்தான்.

நான் வகுப்பில் செய்து பார்த்த ஒன்றை மற்ற ஆசிரியர்களும் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சிலப்பதிகாரத்தில் ஒரு பாத்திரத்தைத் தெரிந்தெடுத்து வரையச் சொன்னேன். முகமோ உருவமோ வரையக்கூடாது, பொருள், நிறம், கோடு மட்டும். ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து காரணம் காட்ட வேண்டும்.

ஒரு மாணவன், மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரிக்காகப் பாற்குடம் ஒன்றை வரைந்திருந்தான். எருமைத் தயிர் போடும் வீட்டுப் பிள்ளை. கோவலன் கொலைப்பட்ட நேரம் ஆயர்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை என்று கதையில் வருகிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சில நாள் தயிர் உறையாது ரீச்சர். மாதரியும் பிழை ஒன்றும் செய்யவில்லை. ஆனா அடைக்கலமாக வந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை" என்றான். மாதரியைப் பற்றி இப்படி ஒரு விளக்கத்தை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

இன்னொரு மாணவி கண்ணகிக்குச் சிலம்போடு ஒரு மாங்கனியும் வரைந்தாள். வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நாட்களில் கோயிலில் பாடப்படும் கண்ணகி வழக்குரையில் அம்மன் மாங்கனியில் பிறந்தவள் என்று அவளுடைய அம்மம்மா சொல்லியிருக்கிறார். சிலப்பதிகாரத்துக் கண்ணகியோ புகார் நகரத்து மாநாய்கன் மகள். அப்படியென்றால் இருவரும் ஒருவரா என்று வகுப்பே இரண்டுபட்டு வாதாடியது. அந்தப் பாடவேளை போதவில்லை.

அம்மனைப் பிள்ளைகள் கண்டபடி வரைவதா என்று பெற்றோர் சிலர் தயங்கலாம். செட்டிபாளையம், தம்பிலுவில், காரைதீவு என்று கண்ணகி கோயில்களைச் சுற்றி வாழும் எங்களுக்கு அந்தத் தயக்கம் நியாயமானதுதான். உருவத்தை வரைய வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். சிலம்பும் வேப்பிலையும் யார் மனதையும் நோகடிக்காது.

இது எங்கிருந்தோ இறக்குமதி செய்த முறையும் அல்ல. இளங்கோவே இப்படித்தான் எழுதியிருக்கிறார். பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவியின் கனவில் செங்கோலும் வெண்கொற்றக்குடையும் விழுகின்றன. வெளியே ஒன்றுபோலிருந்த இரண்டு சிலம்புகளில் கண்ணகியுடையதற்குள் மாணிக்கம், தேவியுடையதற்குள் முத்து. வழக்கே அதில்தான் தீர்கிறது. எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடியிலும் அரசன் ஆடுகளரிக்கு வரும்போது, வாய் திறக்க முன்பே உடுப்பும் தாளக்கட்டும் அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடும். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் குறியீடு புதிதல்ல.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சிவப்பு என்றால் கோபம், புறா என்றால் சமாதானம் என்று நாங்களே அட்டவணை போட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் அதையும் மனனம் செய்துவிடுவார்கள். மாதவியின் யாழுக்குக் கறுப்பு பூசிய பிள்ளையிடம் ஏன் என்று கேட்க வேண்டும். கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரிப் பாட்டைக் கோவலன் பிழையாக விளங்கிக்கொண்ட இடத்தை அவள் காட்டினால் போதும். காட்ட முடியாவிட்டால் திரும்ப வாசிக்கச் சொல்லலாம். திரும்ப வாசிக்க வைப்பதுதானே எங்கள் வேலை.

ஆசிரிய ஆலோசகர்களிடமும் வலயக் கல்வி அலுவலகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் இதற்கு இடம் கொடுங்கள். படத்தின் அழகுக்கு ஒரு புள்ளிகூட வேண்டாம், அதற்குச் சித்திரப் பாடம் இருக்கிறது. பிள்ளை சொல்லும் காரணத்துக்குப் புள்ளி கொடுங்கள். செலவு என்றும் ஒன்றுமில்லை, அரைத்தாளும் பென்சிலும் எல்லாப் பாடசாலையிலும் இருக்கின்றன. படங்களை உடனே கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அப்படிச் செய்தால் நன்றாக வரையும் நாலு பிள்ளைகளின் வேலையாக இது சுருங்கி, மற்றவர்கள் பழையபடி பின்வாங்கில் போய் இருந்துவிடுவார்கள்.

தமிழாசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.