கடலைப் பால் தேநீர் நம் கடைகளிலும் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் 21 ஆண்டுகள் பானக் கடை நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சென்ற டிசம்பரில் அண்ணன் மகளோடு மூன்று வாரம் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என்று சுற்றி வந்தேன். மாட்டுப்பால் வேண்டாதவர்களுக்காக நிலக்கடலை, சோயா, ஓட்ஸ் பால்களை அறிமுகப்படுத்துவது அவள் வேலை. துணைக்குத்தான் போனேன். ஆனால் இரண்டாம் நாளே மிக்சியும் வடிதுணியும் என் கைக்கு வந்துவிட்டன.

எனக்கு இதில் அக்கறை வந்தது பேரனால். பால் குடித்தால் அவனுக்கு வயிறு உப்பி வலிக்கும். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு வருடம் திட்டித் திட்டிக் குடிக்க வைத்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது. வளர வளரப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைவது உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு உள்ளதுதான் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

சென்னையில் எங்கள் பேச்சு எடுபடவில்லை. ருசி பார்த்தவர்கள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா இது பால் இல்லையே” என்று டம்ளரைத் திருப்பித் தந்தார்கள். சட்டமும் அப்படித்தான். இந்தியாவில் சோயா, ஓட்ஸ் பாக்கெட்டுகளின் மேல் ‘பால்’ என்று அச்சிடக் கூடாது, ‘பானம்’ என்றுதான் போட வேண்டும். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு உண்டு. அண்ணன் மகளுக்கு இதில் வருத்தம்.

மதுரைக்குப் போனதும் எனக்கு வழி தெரிந்தது. காலையில் தெருமுனையில் ஒருவர் பெரிய பாத்திரத்தில் பருத்திப் பால் வைத்திருந்தார். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்து விட்டு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருகிறார். மூட்டை தூக்குபவர், பள்ளிப் பிள்ளை, பட்டுச் சேலை கட்டிய அம்மா என்று எல்லாரும் நின்று குடிக்கிறார்கள். இது பாலா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றும்போது நாம் கேட்கிறோமா? அன்றிலிருந்து ‘பாலுக்கு மாற்று’ என்று சொல்வதையே விட்டுவிட்டோம். கடலைப் பால், சூடாக, சுக்கும் கருப்பட்டியும் போட்டது என்று மட்டும் சொன்னோம். கோயம்புத்தூரில் கொண்டுபோன இரண்டு கிலோ கடலையும் ஒரே மாலையில் தீர்ந்தது.

திருச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் சந்தித்த ஒரு அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கறவை மாடு வைத்துக் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். எங்கள் பாலைக் குடித்துப் பார்த்துவிட்டு, “அப்ப என் மாட்டை என்ன பண்றது?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. வர்கீஸ் குரியன் முன்நின்று நடத்திய வெண்மைப் புரட்சி, அதாவது கூட்டுறவு வழியாகப் பால் உற்பத்தியைப் பெருக்கும் திட்டம், 1970இல் தொடங்கியது. பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடத்துக்கு வந்ததற்கு இந்த அம்மாவைப் போன்றவர்களின் உழைப்புதான் காரணம். அவர் வயிற்றில் அடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கன்றுகளைப் பற்றிக் கேட்டபோது அவரே சொன்னார்: “கிடேரின்னா வீட்டுக்கு, காளைக்கன்னுன்னா யாவாரிக்கு.” யாவாரி எங்கே கொண்டுபோகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னால் பழையபடி பால் காப்பி குடிக்க முடியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எருமைச் சாலையும் கெர்பாவ் (மலாயில் எருமை) சாலையும் இன்றும் அந்தக் காலத்து மாட்டு வியாபாரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. என் அப்பா அதே வட்டாரத்தில் தலையில் தட்டு சுமந்து, சினிமாக் கொட்டகை வாசலில் கச்சான் பூத்தே என்ற வறுத்த கடலை வகைகளை விற்றவர். காகிதக் கூம்பில் அவர் மடித்துக் கொடுத்த கடலையில்தான் நாங்கள் ஐந்து பேர் படித்தோம். இன்று அந்தப் பக்கம் எத்தனையோ நம்மவர் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாதவர் போய்க் கேட்டால் பால் விடாத தேநீரான ‘தே ஓ’தான் கிடைக்கிறது. சீனர் கடையில் சோயா பால் சாதாரணமாகக் கிடைக்கும் ஊரில் இது ஏன்?

கடைக்காரர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். டிகாக்‌ஷனில் சோயா பாலை ஊற்றினால் பல நேரம் திரிந்துவிடும். கடலைப் பால் எங்களுக்கு அவ்வளவாகத் திரியவில்லை. கடலையை இரவு முழுக்க ஊறவைத்துத் தோல் நீக்கி, ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். பச்சை வாடை போகும்வரை தனியே கொதிக்க வையுங்கள். ஒரு சிட்டிகை உப்பு போடலாம். அப்புறம் டிகாக்‌ஷனை அதில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் பாத்திரமும் வடிதுணியும் தனியாக இருக்க வேண்டும், பலகையில் பெரிதாக எழுதியும் வைக்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்காதீர்கள்.

தேக்கா வட்டாரத்தில் ஒரே ஒரு கடை காலை வேளையில் இதை வைத்துப் பார்க்க முன்வந்தாலும் போதும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகியவள் நான். கடைக்கே வந்து அரைத்துக் காட்டுகிறேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் பானக் கடைக்காரர்,
ஈசூன்