பாமணியாறு முடியும் இடத்தைக் காட்டியவர்களுக்கு

முத்துப்பேட்டை ஜாம்புவானோடை படகுத்துறையில் இருக்கும் அண்ணன், அக்கா, தம்பிகள் எல்லோருக்கும்,

மன்னார்குடிக்குப் பக்கத்திலிருந்து நானும் என் மனைவியும் எழுதிக்கொள்வது. மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் சிவப்பு நாற்காலியோடு படகேறினோமே, அந்தத் தம்பதிதான். அன்று இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் பாதிப் பேரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்துவிட்டோம். சேற்றில் இறங்கி எங்களை இழுத்துவிட்டவர்களின் பெயரைக் கேட்கவும் இல்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் எழுதுகிறேன், விட்டுப்போனதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்.

அவள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காவிரியைப் பற்றி எத்தனையோ வருஷம் பாடம் எடுத்திருக்கிறாள். தலைக்காவிரியில் பிறந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, பூம்புகாரில் கடலில் கலக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவள். ஒரு வருஷம் ஒரு பையன், "டீச்சர், நம்ம ஊர் ஆறு எங்க போவுது?" என்று கேட்டானாம். எங்கள் ஊர் ஆறு பாமணியாறு. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில், காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து பிரிந்து எங்கள் கொல்லைக்குப் பின்னால் போகிறது. முத்துப்பேட்டைக் காயலில் சேர்கிறது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் தான் பார்த்ததில்லையே என்ற குறை அவளுக்கு இருந்தது. ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தோம். அதற்குள் பக்கவாதம் வந்து இடது கால் ஊன்ற முடியாமல் போனது. இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவள் வெளியே போகவில்லை.

வேறு ஓரிடத்தில் படகுக்குக் கேட்டபோது, இப்படி ஒருவரை ஏற்றிப்போவது கஷ்டம் என்றார்கள். அவர்கள் பயத்தையும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அவள் காதுபடச் சொன்னார்கள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படகுக்கார அண்ணனிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவங்களுக்கு எந்தப் பக்கம் கை பிடிச்சா சௌகரியம்?" அதைக் கேட்டதுமே போகிறோம் என்று முடிவு செய்துவிட்டேன். அனுமதி வாங்க வனத்துறை அலுவலகம் போனபோதும் அங்கிருந்தவர்கள் அவள் உடல்நிலையைக் கேட்டுவிட்டு, எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும், எப்போது திரும்புவது நல்லது என்று பொறுமையாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்று காலை படித்துறையில் படி வழுக்கியது. நான் திகைத்து நிற்கும்போது டீக்கடை பாய் தன் கடையின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளை அதில் உட்காரவைத்து நான்கு பேர் அப்படியே படகுக்குள் இறக்கினார்கள். நாற்காலியைப் படகின் குறுக்குப் பலகையில் கயிற்றால் கட்டியது படகில் கூட வந்த தம்பி. கட்டிவிட்டு தானே அதில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான். பிறகுதான் அவளை உட்கார விட்டான்.

அக்காவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். படகுக்கார அண்ணனின் மனைவி அவர். புறப்படும் நேரத்தில் சோற்றுத் தூக்கோடு வந்து படகில் ஏறிக்கொண்டார். சாப்பாடு கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நாள் பூரா ஒரு பொம்பள துணை வேணாமா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. வழியில் மனைவிக்கு என்ன தேவைப்படும், ஆண்கள் மூன்று பேருக்கு நடுவில் அவள் எப்படிக் கேட்பாள் என்பதை முப்பது வருஷம் கூட வாழ்ந்த நான் யோசிக்கவில்லை. அக்கா யோசித்து, அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தார். திட்டு ஒன்றில் படகை நிறுத்தி, அண்ணனையும் தம்பியையும் என்னையும் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, பழைய சேலையை மறைப்பாகக் கட்டி எல்லாம் பார்த்துக்கொண்டார். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "அதைத்தான் முதல்ல எழுதணும்" என்றாள்.

ஆற்றுக்குள் இருக்கும்வரை இஞ்சின். இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள் நெருங்கி நின்றன. காயல் திறந்ததும் அண்ணன் இஞ்சினை நிறுத்திப் பாயை விரித்தார். காலை வாடைக்காற்று பின்னாலிருந்து வந்தது. பாயைக் கட்டுப்படுத்தும் தாமான் கயிற்றை ஒரு கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுக்கானைப் பார்த்துக்கொண்டார். சத்தமெல்லாம் அடங்கி, படகின் அடியில் தண்ணீர் உரசுவது மட்டும் கேட்டது. அவள் பேசவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அதோ தெரியுது பாருங்க டீச்சர், அதுதான் உங்க பாமணியாறு" என்று கைகாட்டினார்.

தம்பி தாழ்ந்த கிளை ஒன்றைப் பறிக்காமல் வளைத்து அவள் கைக்கு எட்டும்படி பிடித்தான். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. உறிஞ்சும் தண்ணீரிலுள்ள உப்பை இலை வழியாக மரம் வெளியே தள்ளிவிடுகிறது. சேற்றுக்கு மேலே ஆணி அடித்தது போல நிற்கும் மூச்சுவேர்கள், கூட்டமாக எழும்பிய பூநாரைகள், எல்லாவற்றையும் அவள் வகுப்பில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவனும் சலிக்காமல் சொன்னான்.

பட்டுப்போய் நிற்கும் மரங்களைப் பார்த்ததும் நானே கேட்டேன். கஜா புயல் என்றார் அண்ணன். 2018 நவம்பர் 16. அந்த இரவில்தான் எங்கள் தென்னைகளும் விழுந்தன. கடலோரத்தில் இந்தக் காடு தாங்கியதை நாங்கள் உள்ளே இருந்தவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. முன்பு வெட்டி அழிந்த இடங்களில் தண்ணீர் தேங்கி உப்பேறிப் போனதையும், மீன்முள் போல வாய்க்கால் வெட்டிக் காயல் தண்ணீரை உள்ளே விட்டு மறுபடி கன்று வளர்த்ததையும் அவர் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. தண்ணீர் போக வர வழி விட்டால் மண் பிழைத்துக்கொள்ளும் என்பது வயல்காரனுக்குச் சட்டென்று புரிந்தது.

மதியம் அக்கா வைத்த மடவை மீன் குழம்பு. முள்ளெடுத்து அவள் தட்டில் வைத்ததும் அக்காதான்.

திரும்பும்போது கடற்காற்று கிளம்பிப் பாயை நன்றாகப் பிடித்தது. ஆனால் நாங்கள் வேடிக்கை பார்த்ததில் நேரம் போய், தண்ணீர் வற்றி, படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. தாமதத்துக்குக் காரணம் நாங்கள்தான். அண்ணன் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. தம்பி கழி போட்டுத் தள்ளியும் நகரவில்லை. வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் கூப்பிடாமலே தொடை வரை சேற்றில் நடந்து வந்தார்கள். பாரம் குறைய நாங்கள் மற்றவர்கள் இறங்கினோம். அவள், "என்னையும் இறக்கிடுங்க, நான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்றாள். அவர்களில் பெரியவர், "நீங்க அசையக் கூடாது தாயி, உங்களோடவே இழுத்துடுவோம்" என்றார். அப்படியே இழுத்தார்கள். பணம் நீட்டியபோது கையை எடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டுத் தங்கள் வலைக்குத் திரும்பிப் போனார்கள். அந்த ஐந்து பேரும் இதைப் படிக்க வேண்டும், அல்லது யாராவது படித்துக் காட்ட வேண்டும். உங்களை மறக்க மாட்டோம்.

அன்றிலிருந்து அவள் சாயங்காலம் கொல்லை வரை நடக்கிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

பாய், உங்கள் நாற்காலி எங்கள் வேனிலேயே வந்துவிட்டது. பத்திரமாக இருக்கிறது. இந்த வருஷச் சம்பா அரிசி ஒரு மூட்டையோடு கொண்டுவந்து தருகிறோம், அரிசி அக்கா வீட்டுக்கு. வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அண்ணே, கரையேறும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். மேலேயிருந்து நல்ல தண்ணீர் வந்தால்தான் காயலில் இறால் நன்றாக இருக்கும், ஆற்றில் தண்ணீர் வரும்போது ஒரு போன் பண்ணுங்கள் என்று. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, மூணாறு தலைப்பிலிருந்து பாமணியாற்றில் தண்ணீர் எங்கள் கொல்லையைத் தொடும் அன்றே கூப்பிடுகிறேன். பேசப்போவது நானல்ல, டீச்சர்தான். இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.