மரக் கேமராவுக்கு வார்னிஷ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊட்டி, குன்னூர் பங்களாக்களில் கிடக்கும் பழைய மரக் கேமராக்களுக்குத் தடிப்பாக வார்னிஷ் பூசி அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூச்சு காடிக்குள், அதாவது மரச்சட்டம் நகரும் பள்ளத்துக்குள், இறங்கினால் சட்டம் நகராது; மழைக்காலத்தில் மரம் உப்பும்போது முற்றிலும் இறுகிவிடும்.

தொடக்கத்தில் இவை ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரு பெட்டிகள். பின்னர் லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே விரிந்து மடியும் தோல் உறையான துருத்தி வந்து எடையைக் குறைத்தது. அதுவரை படம் பதியும் கண்ணாடித் தட்டில் அங்கேயே ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். 1871இல் ஆங்கிலேய மருத்துவர் மேடாக்ஸ், முன்கூட்டியே பூசி உலரவைத்த தட்டைப் பயன்படுத்தும் உலர் தட்டு முறையை வெளியிட்டார். அது பரவியபின் இருட்டறைக் கூடாரத்தையும் சுமந்து மலையேறும் பாடு ஒழிந்தது. கேமராவும் கையடக்கமாக மடியத் தொடங்கியது. வெப்ப நாடுகளுக்கென்றே தேக்கில் செய்து, மூட்டுகளில் பித்தளைப் பட்டை அடித்தார்கள். ஈரத்தில் பசை இளகினாலும் மூட்டு பிரியாதிருக்கவே அந்தப் பட்டை. அதை அழகுக்கென்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

வாங்குமுன் துருத்தியை முழுதாக விரித்து, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மூலைகளில்தான் ஊசித்துளை விழும். மெல்லிய கறுப்புத் துணியை உள்புறம் ஒட்டுங்கள்; தடித்த ஒட்டு போட்டால் துருத்தி மடியாது, பக்கத்து மடிப்பும் கிழியும். பூஞ்சை பிடிக்காதிருக்க, பாதி விரித்த நிலையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுடன் அலமாரியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

– ஒரு வாசகர், குன்னூர்